பன்னிரு சிவாலயங்களை நான்கு நாளில் நடந்து முடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரு சிவாலயப் பாதை என்பது எது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பாதியில், பழைய விளவங்கோடு, கல்குளம் வட்டங்களுக்குள் இருக்கும் பன்னிரண்டு சிவன் கோயில்களை வரிசை மாறாமல் இணைக்கும் பாதை. மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் பிற்பகலில் முன்சிறையில் புறப்பட்டு, சிவராத்திரி அன்று இரவு திருநட்டாலத்தில் முடிப்பதுதான் மரபு. அதற்குச் சிவாலய ஓட்டம் என்று பெயர். ஓடுகிறவர்கள் கோவிந்தன்மார். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுக்கும் காசுக்குமாகத் துணிப்பை, வாயில் 'கோவிந்தா கோபாலா'.

வரிசை இது: திருமலை (முன்சிறை), திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம்.

சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் ஏன் கோவிந்தனைக் கூப்பிடுகிறார்கள்?

பீமன் புருஷாமிருகத்தைத் தேடி வந்த கதை. பாதி மனிதன், பாதி மிருகம். சிவபக்தி மிக்கது, திருமால் பெயர் காதில் விழுந்தால் பொறுக்காது. பீமன் கோவிந்தா என்று கூவ அது துரத்தும். கண்ணன் கொடுத்தனுப்பிய பன்னிரண்டு ருத்திராட்சங்களில் ஒன்றை அவன் கீழே போட, அது லிங்கமாகும். மிருகம் நின்று பூசை செய்யும்போது பீமன் ஓடித் தப்புவான். கடைசியில் ஒரு கால் மிருகத்தின் எல்லைக்கு உள்ளும் மற்றது வெளியுமாக மாட்டிக்கொள்ள, தருமர் தம்பி என்றும் பாராமல் பாதி உடல் மிருகத்துக்கே என்று தீர்ப்புச் சொன்னார் என்பார்கள். துரத்தல் கதை என்பதால்தான் இது ஓட்டம்.

சிவராத்திரி அல்லாத நாளில் நடக்கலாமா?

தாராளமாக. இந்தப் பக்கம் முழுக்க அப்படி நடப்பவர்களுக்காகத்தான். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். ஓட்ட நாளில் பாதையே உங்களைத் தாங்கும். கோயில்கள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். ஊருக்கு ஊர் மோர், பானகம், சுக்குக்காப்பி, கஞ்சி கொடுப்பார்கள். வழி தவறினால் முன்னால் போகும் காவி வேட்டியைப் பார்த்து நடந்தால் போதும். சாதாரண நாளில் இது எதுவும் இல்லை. நடை சாத்திய கோயில், நண்பகல் தார்ச்சாலை, ஆளில்லாத ரப்பர் தோட்டம், இவைதான் மிஞ்சும். அதனால் திட்டத்தைத் தூரத்தை வைத்துப் போடாமல் கடிகாரத்தை வைத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது கி.மீ. நடக்கத் தெம்பு உள்ளவர்கள்கூட முதல் நாளே கோணுவது இங்கேதான்.

மொத்தத் தூரம் எவ்வளவு? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்களே?

110 கி.மீ. என்பது பரவலாகச் சொல்லும் கணக்கு. எந்தக் குறுக்குவழியில் போகிறீர்கள், எங்கே சாலையோடு சுற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். கைபேசி வரைபடத்தில் புள்ளிக்குப் புள்ளி குறுகிய பாதை போட்டால் இதைவிடக் குறைவாகத்தான் வரும். அதை நம்பி நாளைக் குறைக்காதீர்கள். குளத்துக்கு இறங்கி ஏறுவது, கோயிலைச் சுற்றுவது, தங்குமிடத்துக்குத் திரும்புவது எல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

சமதளம் என்று நினைத்து வருவதும் தவறு. மலை ஏற்றம் கிடையாது, ஆனால் மேற்குக் குமரி முழுக்க மேடும் பள்ளமும்தான். ஒரு பொற்றை (சிறு குன்று) ஏறினால் ஓர் ஏலா (தாழ்ந்த வயல்வெளி), அதைத் தாண்டினால் அடுத்த பொற்றை. முழங்கால் வலி ஏற்றத்தில் வராது, இந்தச் சிறு இறக்கங்களில்தான் வரும்.

எந்த மாதம் நல்லது?

தை தொடக்கத்திலிருந்து மாசி தொடக்கம் வரை, அதாவது ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி பாதி வரை. இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு: ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. குலசேகரம், திற்பரப்புப் பக்கம் மலையடிவாரமானதால் நாகர்கோவிலில் தூறும்போது அங்கே கொட்டும். டிசம்பரும் ஜனவரி முதல் பாதியும் ஐயப்பன்மார் கன்னியாகுமரிக்கு வரும் காலம். நெடுஞ்சாலையில் வண்டி அதிகம், விடுதி கிடைப்பது கடினம். மார்ச் தொடங்கினால் வெயில். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழையும் சேர்ந்துகொள்ளும். இடி முழங்கும்போது ரப்பர் மரத்தடியில் ஒதுங்காமல் ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

நல்ல மாதத்திலும் ஒரு குறை உண்டு. அருமனை, களியல், குலசேகரம் வழியெல்லாம் ரப்பர் தோட்டம், நிழலாக இருக்கும் என்று கணக்குப் போட்டு வருவார்கள். ரப்பர் இலை உதிர்ப்பது மார்கழி, தை, மாசியில்தான். நீங்கள் நடக்கும் நேரத்தில் மேலே வெறும் கிளை, கீழே சருகு. குடை கட்டாயம்.

கோயில் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

பெரும்பாலான கோயில்களில் காலை 5 மணி வாக்கில் நடை திறந்து 10.30, 11 மணிக்குள் சாத்திவிடுவார்கள். மாலை 5 மணிக்குத் திறந்து 8 மணிக்குள் அடைப்பு. சின்னக் கோயில்களில் இதிலும் முன்பின் இருக்கும். போற்றி (பூசாரி) வேறொரு கோயில் பூசையையும் சேர்த்துப் பார்ப்பவரானால் காலை ஒன்பதரைக்கே பூட்டு விழலாம். முந்தின கோயிலில் கேட்டாலே அடுத்த கோயிலின் நேரம் தெரிந்துவிடும், கேட்டுவிட்டு நகருங்கள். பிரதோஷ நாளில் மாலை நாலு, நாலரைக்கே திறந்துவிடுவார்கள், கூட்டமும் இருக்கும்.

ஆக, ஒரு நாளில் காலை இரண்டு கோயில், மாலை ஒன்று அல்லது இரண்டு. நடுவில் 11 முதல் 3.30 வரை நடக்காத நேரம். மூடிய கோயிலை நோக்கி உச்சி வெயிலில் நடப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

நான்கு நாள் திட்டம் ஒன்று சொல்லுங்கள்.

சாலையில் மணிக்கு நாலரை கி.மீ. வேகம், ஒரு கோயிலுக்கு 30 முதல் 40 நிமிடம் என்று வைத்துப் போட்டது. தூரங்கள் தோராயம்.

முதல் நாள், 27 கி.மீ. முந்தின இரவு மார்த்தாண்டத்தில் தங்கி, விடியுமுன் ஆட்டோவில் முன்சிறைக்கு வந்துவிடுங்கள். நடை திறந்ததும் தொழுதுவிட்டு 5.45க்குப் புறப்பட்டால், மார்த்தாண்டம் வழியாக எட்டே காலுக்குத் திக்குறிச்சி. கோயில் ஆற்றங்கரையில், குளித்துத் தொழுது ஒன்பதுக்குக் கிளம்பினால் பத்தரைக்குச் சிதறால், பதினொன்றேகாலுக்கு அருமனை. அங்கே சாப்பாடும் ஓய்வும். மூன்றரைக்கு எழுந்து களியல் வழியாக நடந்தால் ஐந்தரை வாக்கில் திற்பரப்பு. இரவு அங்கேயே. சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆனால் இந்த நாளில் ஏறாதீர்கள். பத்தரை மணிக்குப் பாறை சூடேறிவிடும், கால் மிச்சம் வேண்டும். அதற்கு வேறொரு நாள் வாருங்கள்.

இரண்டாம் நாள், 16 கி.மீ. வேண்டுமென்றே குறைத்தது. முதல் நாள் கொப்புளங்கள் இன்றுதான் பேசத் தொடங்கும். காலை ஆறுக்குத் திற்பரப்பு விட்டால் குலசேகரம் தாண்டி எட்டுக்கு முன்பே திருநந்திக்கரை. கோயிலை ஒட்டிய பாறையில் குடைவரை இருக்கிறது, சுவரில் பழைய ஓவியத்தின் மிச்சம் தெரியும். முதலாம் இராசராசனின் பிறந்தநாளான ஐப்பசிச் சதயத்தைக் கொண்டாடியதைச் சொல்லும் கல்வெட்டும் இங்கேதான். அரை மணி நேரம் ஒதுக்கலாம். பிறகு குலசேகரத்துக்குத் திரும்பி அறை எடுத்துப் படுங்கள். மாலை மூன்றே முக்காலுக்கு எழுந்து ஐந்து கி.மீ. நடந்து பொன்மனை. தொழுதுவிட்டுப் பேருந்திலோ ஆட்டோவிலோ குலசேகரம்.

மூன்றாம் நாள், 22 கி.மீ. விட்ட இடமான பொன்மனைக்கு விடிகாலையிலேயே போய், 5.45க்கு நடையைத் தொடங்குங்கள். சித்திரங்கோடு, குமாரபுரம் வழியாக எட்டரைக்குள் பன்னிப்பாகம், பத்தேகாலுக்குள் கல்குளம். கல்குளம் என்பது பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கும் நீலகண்டசுவாமி கோயில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நேரம் இறுக்கம். பன்னிப்பாகத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் கல்குளத்தில் நடை சாத்தியிருப்பார்கள். மதியம் அரண்மனையைப் பார்க்கலாம், தக்கலையில் ஓய்வெடுக்கலாம். மாலை மேலாங்கோடு, இரவு தக்கலை.

நான்காம் நாள், 27 கி.மீ. அதிகாலை மேலாங்கோட்டில் தொடங்கி ஆறரைக்குள் திருவிடைக்கோடு. அங்கிருந்து தக்கலை வழியாக ஒன்பதரைக்குள் திருவிதாங்கோடு. அடுத்த எட்டு கி.மீ.யை வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், போய்ச் சேரும்போது திருப்பன்றிக்கோட்டில் பூட்டுத்தான் இருக்கும். மூன்று மணிக்குப் புறப்பட்டு ஐந்துக்குத் திருப்பன்றிக்கோடு, ஆறரைக்குத் திருநட்டாலம்.

சனிக்கிழமை தொடங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மூன்றாம் நாள் திங்கள் வரும், பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. அரண்மனை வேண்டுமென்றால் வியாழன் அல்லது வெள்ளி தொடங்குங்கள்.

மூன்று நாளில் முடியாதா?

கால் முடியும், கோயில் நேரம் இடம் கொடுக்காது. இரண்டு கோயிலையாவது வெளியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போக வேண்டிவரும். அது சம்மதமென்றால் செய்யலாம்.

வழி எங்கே தவறும்?

பெயர்களில். திருவிடைக்கோடும் திருவிதாங்கோடும் வேறு வேறு. முதலாவது வில்லுக்குறிப் பக்கம், தக்கலைக்குக் கிழக்கே. இரண்டாவது தக்கலைக்கு மேற்கே, கேரளபுரத்தை அடுத்து. கைபேசியில் ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒன்றுக்கு மற்றதைக் காட்டிவிடும், ஏழெட்டு கி.மீ. வீண். திருப்பன்றிக்கோட்டையும் பன்னிப்பாகத்தையும் இதேபோல் குழப்பிக்கொள்வார்கள். மேலாங்கோட்டில் வழி கேட்டால் அங்குள்ள புகழ்பெற்ற இசக்கியம்மன் கோயிலுக்குக் கை காட்டுவார்கள். 'மகாதேவர் கோயில்' என்றே கேளுங்கள்.

கோயில் பெயரோடு அருகிலுள்ள ஊரையும் சேர்த்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முன்சிறைக்குப் புதுக்கடை, திக்குறிச்சிக்கு மார்த்தாண்டம், திருநந்திக்கரைக்கும் பொன்மனைக்கும் குலசேகரம், பன்னிப்பாகத்துக்குக் குமாரபுரம், திருவிடைக்கோட்டுக்கு வில்லுக்குறி, திருப்பன்றிக்கோட்டுக்குப் பள்ளியாடி. வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கிக்கொள்வது நல்லது. தோட்டத்துக்குள் போகும் குறுக்குவழி வரைபடத்தில் இருந்தாலும், வேலி போட்ட தனியார் இடமாக இருக்கலாம். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடிகாலையில் தோட்டத்தில் இருப்பார்கள். அவர்களைக் கேட்டால் சரியான வழி கிடைக்கும்.

வெறுங்காலில் நடக்க வேண்டுமா?

ஓட்ட நாளில் விரதம் எடுத்தவர்கள் வெறுங்காலில் போவது மரபு. மற்ற நாளில் யாரும் கேட்கப்போவதில்லை. காற்றின் வெப்பம் 32 டிகிரி இருக்கும்போதே வெயில் பட்ட தார் 50 டிகிரியைத் தாண்டிவிடும். பாதம் பொறுத்துக்கொள்வதாகத் தோன்றும், மாலையில் தோலுக்கடியில் நீர் கோத்து நிற்கும். உரசலால் வரும் கொப்புளம் குதிகாலிலோ விரலிலோ வரும். சூட்டால் வருவது உள்ளங்காலின் முன்பகுதி முழுக்க வரும், அடுத்த நாள் ஊன்றவே விடாது.

நேர்ச்சை காரணமாக வெறுங்கால்தான் என்றால் காலை ஒன்பதரை வரை, மாலை நாலரைக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் மூன்று நாள் வெறுங்காலில் தாரில் நடந்து பழக வேண்டும். சாலையோரத்து வெள்ளைக்கோடு தாரைவிடச் சூடு குறைவு, ஆனால் ஈரக்காலுக்கு வழுக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

காலணி என்றால், பின்வார் உள்ள, அடிப்பாகம் கனமான சாண்டல் இந்தப் பாதைக்கு ஷூவைவிடப் பொருத்தம். ஒவ்வொரு கோயிலிலும் கழற்ற வேண்டும், கால் நனைய வேண்டும். நனைந்த காலை ஷூவுக்குள் திணித்தால் கொப்புளத்தை நாமே வளர்க்கிற மாதிரி. புதுச் சாண்டல் வாங்கினால் குறைந்தது ஐம்பது கி.மீ. போட்டு நடந்து பழக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

கொப்புளம் வராமல் பார்ப்பது எப்படி? வந்துவிட்டால்?

சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேரும்போதுதான் வரும். இந்தப் பாதையில் ஈரம்தான் முதல் குற்றவாளி, ஏனென்றால் கோயிலுக்குக் கோயில் குளம். குளித்துவிட்டு உடனே நடக்காதீர்கள். தோர்த்தால் (மெல்லிய துண்டு) விரலிடுக்கு வரை துடைத்து, பத்து நிமிடம் காலை நீட்டிக் காற்றாட வைத்து, அதன் பிறகு காலணி. ஊறி வெளுத்த தோல் அரை மணி நடையிலேயே உரிந்துவிடும்.

ஓரிடத்தில் சுருக்கென்று எரிய ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நின்று மருந்துக்கடைக் காகித டேப்பை ஒட்டுங்கள். அடுத்த ஊர் வரட்டும் என்று போனால் அது கொப்புளமாகியிருக்கும். சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் தொடாமல் மூடி ஒட்டிவிடலாம். பெரியதாகி நடக்க விடாவிட்டால், ஊசியைச் சுத்தப்படுத்தி, கொப்புளத்தின் ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி நீரை அழுத்தி எடுங்கள். மேல்தோலைப் பிய்க்கக் கூடாது. அயோடின் மருந்து தடவி, பஞ்சுத்துணி வைத்துக் கட்டுங்கள். சுற்றிலும் சிவந்து, சூடாகி, சீழ் கண்டால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொரு தொல்லையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: தொடை உரசல். ஈர வேட்டியோடு ஐந்து கி.மீ. நடந்தால் தொடையிடுக்கு வெந்துபோகும். தேங்காயெண்ணெய் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும், வாசலின் அதைவிட நேரம் நிற்கும். அடியில் தொடை மூடும் இறுக்கமான அரைக்கால் சட்டை போடுவது எல்லாவற்றையும்விட நல்லது. ஓட்டத்தைப் பாதியில் விடுகிற பலரை நிறுத்துவது கால்வலி அல்ல, இதுதான்.

தண்ணீர் எவ்வளவு? என்ன குடிப்பது?

நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை லிட்டர், வெயில் ஏறினால் முக்கால் லிட்டர் வரை. கையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் சுமக்க வேண்டாம். மூன்று, நான்கு கி.மீ.க்கு ஒரு கடையாவது வரும். களியலுக்கும் திற்பரப்புக்கும் இடையிலும், பொன்மனைக்கு அப்பாலும் மட்டும் புட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். விடிகாலையில் கடை திறந்திருக்காது.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டே போவது ஆபத்து. வியர்வையில் போகும் உப்பைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுதாக ஒரு லிட்டரில் கரைத்துக் குடியுங்கள். பாதித் தண்ணீரில் கரைத்தால் வயிற்றைக் கலக்கும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமான ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரும் மோரும் இதே வேலையைச் செய்யும். அக்கானி (பதநீர்) கிடைக்கிற காலம். காலையில் இறக்கிய உடன் குடித்தால் நல்லது, வெயிலேறிப் புளித்ததைத் தொடாதீர்கள்.

சாப்பாடு?

இந்த மாவட்டத்தில் பட்டினி கிடக்க வழியில்லை. நடக்கும்போது வயிறு நிறையச் சாப்பிடாமல், இரண்டு மணிக்கொருமுறை கொஞ்சமாக: மட்டிப்பழம், அவித்த ஏத்தம்பழம் (நேந்திரம்), கடலை மிட்டாய், கருப்பட்டி. மட்டி சின்னது, தோல் மெல்லியது, பைக்குள் நசுங்கும். ஒரு வேளைக்கு மட்டும் வாங்குங்கள். காலையில் புட்டும் பயறும், மதியம் ஓய்வு நேரத்தில் சோறு அல்லது கஞ்சி. மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் மீன் கறியும் நல்ல சாப்பாடுதான், ஆனால் அதற்குப் பிறகு நடப்பது கடினம், தூங்கத்தான் முடியும். விரதமிருப்பவர்களுக்கு மீன் கேள்வியே இல்லை.

பையில் என்னென்ன?

தண்ணீர் சேர்த்து ஐந்து கிலோவுக்குள். இரண்டு வேட்டி, ஒன்று ஈரமாகவும் ஒன்று காய்ந்தும் இருக்கும்படி; இரண்டு தோர்த்து; மாற்றுச் சட்டை ஒன்று; குடை, தலைவிளக்கு, பவர் பேங்க்; டேப், ஊசி, அயோடின், வாசலின், ஓ.ஆர்.எஸ். ஆறு பொட்டலம், ஈரத்துணி போட இரண்டு பிளாஸ்டிக் பை, அடையாள அட்டை, பத்து, இருபது ரூபாய்த் தாள்கள். கூடாரமும் அடுப்பும் வேண்டாம், எங்கேயும் உபயோகமில்லை.

முன்சிறையும் திருநட்டாலமும் மார்த்தாண்டத்திலிருந்து தொலைவில்லை. சுற்றி வந்து ஏறத்தாழ தொடங்கிய இடத்துக்கே சேரும் பாதை இது. மீதி உடைமைகளை மார்த்தாண்டம் விடுதியிலேயே கேட்டு வைத்துவிட்டுக் கிளம்பலாம்.

கோயிலுக்குள் என்ன முறை?

ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். பூசை கேரள முறையில் நடக்கும், திருநீறும் சந்தனமும் உங்கள் கையைத் தொடாமல் போடுவார்கள். படம் எடுக்காதீர்கள். குளத்தில் சோப்புப் போடாதீர்கள்.

ஆற்றிலும் அருவியிலும் குளிக்கலாமா?

திக்குறிச்சியில் படித்துறை வழுக்கும். இடுப்பளவுக்கு மேல் இறங்க வேண்டாம். திற்பரப்பில் குளிக்க அனுமதி உண்டா என்பது மேலே உள்ள அணைகளைப் பொறுத்தது. பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி. நிரம்பும் நிலைக்கு வந்து உபரிநீர் திறந்தால் கோதையாற்றில் வெள்ளம் வரும், அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். மழை இங்கே பெய்யாவிட்டாலும் மலையில் பெய்திருக்கும். பாசனக் கால்வாய்களில் பிப்ரவரி வரை தண்ணீர் ஓடும். பார்க்க அமைதியாக இருக்கும், இழுப்பு அதிகம். கைகால் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்தப் பகுதி ஆபத்து?

நாய்களைப் பற்றித்தான் பலரும் கேட்கிறார்கள். குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி ஓடாமல் நடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டு விலகிவிடும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

உண்மையான ஆபத்து வண்டிகள். வில்லுக்குறியிலிருந்து தக்கலை வரை நாகர்கோவில் – திருவனந்தபுரம் நெடுஞ்சாலை; ஓரம் குறுகல், பேருந்தும் டாரஸ் லாரியும் உரசிக்கொண்டு போகும். சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். வளைவில் மட்டும் பார்வை கிடைக்கும் பக்கத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். விடியுமுன் காவி வேட்டி ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பையின் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள்.

தோட்டத்துச் சருகில் பாம்பு இருக்கும். விளக்கில்லாமல் இறங்காதீர்கள், சிறுநீர் கழிக்கவும்தான். கடித்தால் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். குழித்துறை, தக்கலை அரசு மருத்துவமனைகள் பாதைக்கு அருகில். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பெண்கள் நடக்கலாமா?

ஓட்ட இரவில் பாதை பெரும்பாலும் ஆண்கள் கூட்டமாக இருக்கும். பெண்கள் பலர் வண்டியில் போய்த் தொழுகிறார்கள். சாதாரண நாளில் இரண்டு, மூன்று பேராக நடப்பதில் தடையில்லை. கழிப்பறைதான் பிரச்சினை. மார்த்தாண்டம், குலசேகரம், தக்கலைப் பேருந்து நிலையங்களையும் பெட்ரோல் பங்குகளையும் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது மட்டும் கூடாது.

எத்தனை வாரம் பயிற்சி வேண்டும்?

எட்டு வாரம். வாரநாளில் மூன்று முறை ஐந்து முதல் எட்டு கி.மீ.; ஞாயிறுதோறும் நீண்ட நடை, பத்தில் தொடங்கி வாரத்துக்கு இரண்டிரண்டு கூட்டி 22 வரை. ஆறாம் வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு நாள், 20ம் 15மாக நடந்து பாருங்கள். ஒரே நாள் நீளமாக நடப்பவர்கள் நிறைய; மறுநாள் காலை ஐந்துக்கு எழுந்து அதே காலில் நடப்பதுதான் வேறு விஷயம். கடைசி வாரம் குறைத்துவிடுங்கள். மைதானத்தில் இல்லாமல் தாரில், பையோடு பழக வேண்டும்.

பாதியில் முடியாமல் போனால்?

எந்த இடத்திலிருந்தும் ஒரு மணி நேரத்துக்குள் பேருந்து பிடித்துவிடலாம், அதனால் அடம் பிடிக்க வேண்டாம். திற்பரப்பு, பொன்மனை பக்கத்திலிருந்து குலசேகரத்துக்கு வந்தால் மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் வண்டி உண்டு. தக்கலை நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. கடைசிப் பகுதியில் பள்ளியாடியில் ரயில் நிலையம் உண்டு, ஆனால் சில பயணிகள் ரயில்களே நிற்கும், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். விட்ட கோயிலிலிருந்து பிறகொரு நாள் தொடரலாம். ஓட்ட நாளுக்குத்தான் ஒரே மூச்சு என்ற விதி. சிவராத்திரி அன்று விடுவதானால் மட்டும் ஒரு சிரமம்: அந்த இரவு சிற்றூர்ச் சாலைகளில் வண்டி நகராது. முதன்மைச் சாலை வரை நடந்தே வெளியேற வேண்டியிருக்கும், அந்த இரண்டு, மூன்று கி.மீ.க்குத் தெம்பு இருக்கும்போதே முடிவெடுங்கள்.